விரதம் கெட்ட மூக்கு

மாவு மூட்டையின் வாயைப் பிரித்ததுதான் தாமதம், மகேந்திரனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்றிரண்டோடு நிற்கிற தும்மல் இல்லை. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மாவு பிசையும் மெஷினைப் பிடித்தபடி குனிந்துவிட்டான். ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி சரளாவின் கை அப்படியே நின்றது.

பாவம், அவள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு வருஷமாக விடாத தும்மல், தைப்பூசத்தில் பால்குடம் எடுத்ததும் ஓடிப்போயிற்று என்று. விரதத்துக்காக லீவு போட்டுக் கோயிலில் தங்கிய நாட்களில் மூக்கு நிஜமாகவே திறந்துதான் இருந்தது. இன்று வேலைக்குத் திரும்பினான், பழைய கதை.

மதியம் யாரிடமும் சொல்லாமல் ஈப்போ கிளினிக் ஒன்றுக்குப் போனான். லீவில் எப்படி, வேலையில் எப்படி என்று டாக்டரம்மா விசாரித்தார். மாவுத் தூசிதான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்படியே விட்டால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் நிறுத்தும், அந்த வேலையை விட்டு விலகு என்றார்.

விலகுவதா? பேக்கரி சரளாவின் அண்ணன் உடையப்பனுடையது. மகேந்திரன் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனிக்காரன் விற்று, அங்கே வீடுகள் கட்டியபோது நடுத்தெருவில் நின்றவனுக்கு வேலையும், கடைக்கு மேலே குடியிருக்க இடமும் கொடுத்தவன். அண்ணன் கடை மாவில் வியாதி என்று சொன்னால் சரளா யார் பக்கம் நிற்பாள்? அண்ணன் பக்கம்தான், அது அவனுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே மறித்தாள்.

"விரதத்துல என்னத்தத் தின்னீங்க? உண்மையச் சொல்லுங்க."

டாக்டரம்மா சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. கல்லாவில் இருந்த உடையப்பன் அவன் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"பிரியாணி," என்றான் மகேந்திரன். "மாமாக் முஸ்லிம் ஓட்டல்ல. ஒரு நாள்தான் லா."

நம்பிவிட்டாள். ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட இல்லை.

"ஒரு தட்டு சோத்துக்கு என் மானத்த வித்துட்டீங்க," என்று மாடியேறிப் போனாள்.

உடையப்பன் எழுந்து வந்து தோளில் கை போட்டான். குரல் இறங்கியது.

"நல்லா சமாளிச்சீங்க மாப்ளே. உங்களுக்கு முந்தி மாவு பிசைஞ்சானே, பத்துமலைன்னு ஒருத்தன், அவனுக்கும் இதே மூக்குதான். மாவு, மாவுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். வெளிய அனுப்பிட்டேன்."

மகேந்திரன் அவனை நிமிர்ந்து பார்த்தான். ஆக, இவனுக்குத் தெரியும். முதல் தும்மலிலிருந்தே தெரியும்.

"அடுத்த வருஷம் ஒழுங்கா விரதம் இருந்து காவடியே எடுங்க, செலவு நம்மளுது. நாளைக்குக் கல்யாண ஆர்டர் இருக்கு, வெள்ளன வந்துருங்க."

"சரி மச்சான்," என்றான் மகேந்திரன். வேறு என்ன சொல்ல முடியும்? விரதத்தில் பிரியாணி தின்றவன் ஆயிற்றே.