எங்கள் வீட்டுக் கோல்கீப்பர்

ஃபுட்பால் சீசன் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. போன வருஷம் கடைசி ஆட்டத்தில் எதிரணிக்காரன் தன் கோலிலேயே பந்தை அடித்துக்கொண்ட புண்ணியத்தில், எங்கள் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் பிழைத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அதற்கப்புறம் கேப்டனை விற்றுவிட்டார்கள். கோல் போடுகிற ஒரே ஆளுக்கு முழங்காலில் ஆபரேஷன். கோச் புதுசு. இத்தனையையும் தட்டில் பிசைந்துகொண்டே புலம்புவார். பெற்ற மகளுக்குக் காய்ச்சல் என்றபோதுகூட இந்த மனுஷன் இப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை.

மில்லில் பாய்லர் பார்க்கிற வேலை அவருக்கு. அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே தொண்டை அகன்றுவிட்டது. கேலரியில் அவருக்குச் ‘சங்கு’ என்று பெயர். மில் சங்கு ஊதினால் ஆட்கள் எழுந்து ஓடுவதுபோல, இவர் ஒரு குரல் கொடுத்தால் கேலரி முழுக்க அதையே பிடித்துக்கொள்ளும். யார் உள்ளே வர வேண்டும், யார் வெளியே போக வேண்டும் என்று இவர்தான் தொடங்கி வைப்பார். வீட்டில் என் குரல் மட்டும் அந்தக் காதில் ஏறாது.

இந்த வருஷக் கவலைகளில் தலையாய கவலை கோல்கீப்பர். ஆளுக்கு வயசாகிவிட்டது, இடது பக்கம் வருகிற பந்தையெல்லாம் விடுகிறான், புதுசாக எடுத்திருக்கும் பையனை நிறுத்த வேண்டும் என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒரே பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் வீட்டுக்காரரின் உள்மனசிலும் அதே எண்ணம்தான். ஆனால் வாய் திறக்க முடியாது. அந்தக் கோல்கீப்பர்தான் எங்கள் மாப்பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். மகள் குளிக்கப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஜாடியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் டம்ளரில் விழாமல் மேஜையில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இடது கண்ணு உள்ள கிழிஞ்சிருக்காம் அத்தை,” என்றார் மெதுவாக. “இன்னொரு அடி பட்டா அந்தக் கண்ணு அவ்வளவுதான்னு கிளப்புக்குத் தெரியாம பார்த்த வெளி டாக்டர் ஒருத்தர் சொன்னாரு. ஆபரேஷன்னு படுத்தா இந்த சீசன் போச்சு, என் இடமும் போச்சு. ஒப்பந்தம் முடியட்டும், அப்புறம் போறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என்னை வாசப்படி தாண்ட விடமாட்டா.”

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போனது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ லெஃப்ட்ல வர்ற பந்து எதுவுமே தெரியாதா மாப்பிள்ளை?”

நான் அவரை முறைத்த முறைப்பில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஆனால் அவரைச் சொல்லி என்ன? நானும்தான் வாயை மூடிக்கொண்டேன். மகளின் குடும்பம் அந்தக் கையுறையை நம்பித்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துத்தான் கோல்கீப்பரைப் புதுக் கோச் முடிவு செய்வார் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு முதல்நாள் மகள் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, நாளைக்கு அவருக்காக ஒரு குரல் குடுங்க. நீங்க ஆரம்பிச்சா கேலரியே கத்தும். கோச்சுக்கு ஊர் புதுசு, ஜனங்க யாரைக் கேக்கிறாங்கன்னு பார்ப்பாருல்ல?”

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் என்னைப் பார்த்தார். “சரிம்மா,” என்றார்.

மறுநாள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். மகள் நடுவில், அப்பாவின் முழங்கையைப் பிடித்தபடி. ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் இடது பக்கமிருந்து தூக்கி அடித்த பந்து மாப்பிள்ளையின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. அவர் கையைத் தூக்கியது அதற்குப் பிறகுதான். அடுத்து ஒரு கார்னர். பாய்ந்து வந்தவனின் முழங்கால் அவர் நெற்றியோரம் இடித்தது. மாப்பிள்ளை எழுந்தார், தலையை உதறினார், ஒரு கணம் தன் வலையைப் பார்த்து நின்றார். பிறகு தட்டுத்தடுமாறித் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோல், குழந்தை உருட்டிவிட்டதுபோல், இடது ஓரமாக உருண்டு உள்ளே போனது.

கேலரி அடங்கிப்போய் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது.

“இப்பக் குடுங்கப்பா,” என்றாள் மகள்.

அவர் எழுந்தார். “மாத்து! கீப்பரை மாத்து!”

அவ்வளவுதான். முன்வரிசை பிடித்துக்கொண்டது, பிறகு மொத்தக் கேலரியும். மகளின் கை தானாக விலகியது. கீழே மாப்பிள்ளை எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். யார் தொடங்கியது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோச் கை காட்டுவதற்கு முன்பே கையுறையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

மகள் வெளியே ஓடினாள். நான் பின்னாலேயே போய், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவளிடம் கண் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. நேராகப் போய் மாப்பிள்ளையை உடைமாற்றும் அறையிலிருந்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தாள். என் வீட்டுக்காரர் எங்களோடு வரவில்லை. ஆட்டம் முடிகிறவரை அங்கேயே இருந்திருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்தது. ஏற்கெனவே தாமதம், போதாக்குறைக்கு அந்த இடி. அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியலாம், இனிமேல் பந்துப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கண்ணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் பழப்பையோடு உள்ளே வந்து, உட்காரத் தைரியமில்லாமல் நின்றார்.

மகள் கேட்டாள்: “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கப்பா. நீங்க கத்தினது அவர் கண்ணுக்காகவா, டீமுக்காகவா?”

“கண்ணுக்காகத்தாம்மா. உன் மேல சத்தியம்.” அந்தப் பெரிய தொண்டை உடைந்துபோனது. தேம்பித் தேம்பி அழுதார். நான் நம்பினேன். மகளும் நம்பியிருக்க வேண்டும், நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

அறையில் இறுக்கம் தளரட்டும் என்றுதானோ என்னவோ, மாப்பிள்ளை பேச்சை மாற்றினார். “செகண்ட் ஹாஃப் நான் பாக்கல மாமா. அந்தப் பையன் எப்படிப் பிடிச்சான்?”

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்தார்.

“என்ன பாய்ச்சல்ங்கிறீங்க மாப்பிள்ளை! லெஃப்ட்ல மூலைக்குப் போன பந்து, ஒத்தக் கையால தட்டிவிட்டான் பாருங்க! ஒரு கோல் விடலையே! எனக்கு இப்பத்தான் சோறே இறங்குது. இந்த வருஷம் நாம கீழ எறங்கமாட்டோம், எழுதி வச்சுக்குங்க!”

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போங்கப்பா,” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.