ஆறாவது கல்லுக்குக் கீழே

எல்லைக்கல்லைக் குழாய்ப்பாலத்தின் மேலேயே நட்டது நான்தான். வேறு யார் தலையிலும் அந்தப் பழியைப் போட முடியாது.

ப்வாசேயிலிருந்து கிலெம்பா போகும் செம்மண் ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் என் பொறுப்பு. என் கீழே ஆறு பேர், ஆளுக்கு இரண்டு கிலோமீட்டர். ஓரவாய்க்காலைத் தோண்டி வைக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும், குழியில் கிராவல் கொட்டித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும், குழாய்ப்பாலங்களில் மண் அடையாமல் பார்க்க வேண்டும். ரோட்டின் நடு மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் இருக்கிறவரை தண்ணீர் தன் வழியே போய்விடும். மழை இல்லாத மாதங்களில் எங்களை யாருக்கும் தெரியாது. மழை வந்தால் எல்லோருக்கும் தெரியும், திட்டுவதற்கு.

ஆறாவது கிலோமீட்டரில் ரோடு ஒரு சதுப்பைக் கடக்கிறது. அங்கே ஆறடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் ஒரு சிமெண்டுக் குழாயைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். ஒரு ஆள் குனிந்து தவழ்ந்து போகலாம், அந்த அகலம். தண்ணீர் நுழைகிற பக்கத்தை நாங்கள் மேல்வாய் என்போம், வெளியேறுகிற பக்கம் கீழ்வாய். ஆபீஸ் தாளில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருக்கும். அதை வாசித்து யாரும் மண் அள்ளியதில்லை.

மூன்றாவது பங்கு நபுகாலுவுடையது. ஒன்பது வருஷமாக ரோட்டு வேலை செய்கிற விதவை. வேலையில் அவளிடம் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான்காவது பங்கு செக்கியேவா என்ற இளைஞனுடையது. இரண்டு பங்கும் சந்திக்கிற இடத்தில், அந்தக் குழாய்க்கு மேலே, ஆறாவது கல்லை நட்டேன். குழாயின் மேல்வாய் அவளுக்கு, கீழ்வாய் அவனுக்கு என்று நியாயமாகப் பிரித்ததாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் செக்கியேவா நபுகாலுவின் மகள் நந்துமேயைக் கட்டிக்கொண்டான். நிச்சயத்துக்கு நானும் போனேன். கடலைக் குழம்போடு, வாழைக்காயை அவித்து மசித்த மட்டோக்கே இரண்டு தட்டு தின்றேன். தின்றவன் கல்லை நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் மக்களிடம் மாப்பிள்ளையும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. ஒரே பாதையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் காப்பித் தோட்டத்துக்குள் ஒதுங்கிவிட வேண்டும். மீறித் தொட்டால் கை நடுக்கம் பிடிக்கும், அது லேசில் விடாது. இதைச் சொல்லி நான் சிரிக்க முடியாது. எனக்கும் மாமியார் இருந்தாள். பதினேழு வருஷத்தில் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அவள் விடியற்காலையில் வேலைக்கு வந்தாள், அவன் வெயில் ஏறியபின் வந்தான். அவள் ப்வாசேப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஆறாவது கல்லுக்கு நூறு அடி முன்னாலேயே நின்றுவிடுவாள், அவன் இருப்பானோ என்று. அவன் கிலெம்பாப் பக்கத்திலிருந்து வந்து நூறு அடி முன்னாலேயே நின்றுவிடுவான், அவள் இன்னும் போகவில்லையோ என்று. குழாயை மற்றவர் பார்த்திருப்பார் என்று இருவரும் நம்பினார்கள். "குழாய் எப்படி?" என்று நான் வாராவாரம் கேட்டேன். "ஆச்சு மேஸ்திரி" என்று இருவரும் சொன்னார்கள். யார் செய்து ஆச்சு என்று நானும் கேட்கவில்லை. என் சைக்கிளுக்குச் செயின் இல்லை, எனக்கு முட்டிவலி. தாளில் டிக் போட்டேன்.

மார்ச் கடைசி வாரம் ஒலும் என்கிற எங்கள் சூப்பர்வைசர் ஒரு லாரிக்காரனிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை வருவதாகவும், இந்த மழையில் எந்தக் குழாய்ப்பாலம் போகிறதோ அந்தப் பங்குக்காரர்களுக்கு வேலை போகும் என்றும் எழுதியிருந்தார். நான் புதன்கிழமை காலையில் நடந்தே ஆறாவது கல்லுக்குப் போனேன்.

மேல்வாயில் சதுப்புக் கோரை பாயாக முடைந்து அடைத்திருந்தது, அதன் குறுக்கே ஒரு தைலமரக் கட்டை. கீழ்வாயில் பாதிக்கு மேல் மணல். குழாயின் மேற்பகுதியில் ஒரு சாண் இடைவெளிதான் திறந்திருந்தது. முந்தின நாள் மலைப்பக்கம் மழை. சதுப்பில் தண்ணீர் கட்டையின் உயரத்துக்கு வந்திருந்தது, வடக்கே மறுபடியும் கறுத்திருந்தது. இன்னொரு மழை பெய்தால் தண்ணீர் ரோட்டின் மேலே ஏறும். ஏறினால் கீழ்ப்பக்கத்து ஓரத்தை அரித்து, மறுநாள் ரோடு இரண்டு துண்டு.

இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பினேன். ஒருத்தரை வைத்து முடியாது. மணலை எடுக்காமல் கோரையை வெட்டினால் அது உள்ளே போய் மணலில் சிக்கிக்கொள்ளும். கீழே ஆள் இருப்பது தெரியாமல் கட்டையை நகர்த்தினால் தண்ணீர் மொத்தமும் அந்த ஆள் மேல் பாயும்.

நபுகாலு முதலில் வந்தாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் ரோட்டிலேயே முட்டி போட்டு வணக்கம் சொன்னாள். முட்டி போட்டிருக்கிறவளைத் திட்டுவது கஷ்டம்.

"என் தப்புதான் மேஸ்திரி. அவரு பாத்திருப்பாருன்னு நெனைச்சேன்."

"எழுந்திரு. மேல்வாய்க்குப் போ. நான் சொல்ற வரைக்கும் கட்டையத் தொடாதே."

அவள் இறங்கியபின் செக்கியேவா தள்ளுவண்டியோடு வந்தான். வந்தவன் நாற்பது அடி தள்ளிக் காப்பிச் செடிக்குள் நின்றுகொண்டான்.

"மாமி எங்க இருக்காங்க?"

"அந்தப் பக்கம் கீழ. நீ இந்தப் பக்கமா இறங்கு. நடுவுல ஆறடி ஒசரத்துக்கு ரோடு இருக்கு, அவ தொப்பிகூட உனக்குத் தெரியாது."

"ரோட்டுக்கு ஏறி வந்தாங்கன்னா?"

"வந்தா நான் இருமுறேன்."

நான் மேலே ரோட்டோரக் கல்லின் மேல் உட்கார்ந்தேன். இந்த வயதில் இப்படி ஒரு தூது வேலை.

"மாமிகிட்ட சொல்லுங்க மேஸ்திரி, நான் மண்ண எடுத்து முடிக்கற வரைக்கும் கோரைய மட்டும் ஓரமா வெட்டட்டும்னு."

நான் மறுபக்கம் திரும்பினேன்.

"மாப்பிள்ளகிட்ட சொல்லுங்க, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு."

அதுவும் அவனுக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன், முறை என்று ஒன்று இருக்கிறதே.

"கீழ்வாயில இவ்ளோ மணலு சேர்ற வரைக்கும் அங்க யாரு தூங்கினாங்கன்னும் கேளுங்க" என்றாள்.

"மேல்வாயில மரமே கெடக்குது. அத யாரு நட்டு வளத்தாங்கன்னு கேளுங்க" என்றான்.

"ரெண்டுக்கும் நான்தான் பதிலு. பேசாம வெட்டுங்க" என்றேன்.

ஒரு மணி நேரம் ஒழுங்காக நடந்தது. வாயோரத்து மணல் தீர்ந்ததும் செக்கியேவா குழாய்க்குள் தலையை விட்டான், பிறகு தோளை விட்டான். குழாய்க்குள் ஆள் போகக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் விதி. "இடுப்புக்கு மேல உள்ள போகாதேடா" என்று கத்தினேன். பதிலுக்கு ஒரு சட்டி மணல் வெளியே வந்தது. பார்த்தால் பாதம்கூடத் தெரியவில்லை.

அப்போது கிலெம்பா மேட்டில் லாரி ஹாரன் கேட்டது. மட்டோக்கே வாழைத்தார் ஏற்றிய பெரிய லாரி. ஊறிப்போன மேட்டின் மேல், உள்ளே ஆள் இருக்கையில், அதை விட முடியாது. சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு முட்டிவலியோடு ஓடினேன். இருநூறு அடி போய் நிறுத்தினேன். காய் பழுத்துவிடும், சந்தை போய்விடும் என்று டிரைவர் ஆரம்பித்தான். நான் பதில் சொல்லும் முன் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"செக்கியேவா, வெளிய வா. கட்ட தானா நகருது. வெளிய வா."

நபுகாலு அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பேரைச் சொல்லியே கூப்பிட்டாள். நான் திரும்பி ஓடுகையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகிற சத்தம் வந்தது.

நான் போய்ச் சேருவதற்குள் அவள் ரோட்டைத் தாண்டியிருந்தாள். கணுக்கால் வரை தொங்கும் கோமேசி உடையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு கீழ்ப்பக்கம் இறங்கிவிட்டாள். கீழ்வாய்க்கு எதிரே தண்ணீர் விழுந்து விழுந்து தோண்டிய ஆழக்குழி ஒன்று உண்டு. செக்கியேவா அதில் கிடந்தான். குழாயை விட்டு வெளியே வந்துவிட்டான், ஆனால் காலில் கோரை சுற்றிக்கொண்டிருந்தது. முகம் ஒரு தடவை மேலே வந்தது, மறுபடி உள்ளே போனது.

நபுகாலு கரையில் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மண்வெட்டியின் இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீளப் பிடியைப் பின்பக்கமாக நீட்டினாள். அவள் பார்த்தது என்னை.

"எட்டுதா மேஸ்திரி?"

"கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். பிடிச்சுட்டான். இழு."

அவள் திரும்பாமலே கரையேறினாள், முரண்டு பிடிக்கிற மாட்டைக் கயிற்றோடு இழுத்துப் போவது போல. அவன் பிடியைப் பற்றியபடி முழங்காலில் வந்தான். மேட்டுக்கு வந்ததும் மண்வெட்டியைக் கீழே விட்டுவிட்டு, என்னைக் கடந்து, ரோட்டைத் தாண்டி, தன் பக்கத்துக்கு இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டாள். என் தப்புக்கு ஒரு பையன் போயிருப்பான்.

குழாய் திறந்துவிட்டது. தண்ணீர் பாதிக் குழாய் அளவு ஓடியது, மேலே காற்றுக்கு இடம் இருந்தது. அவன் கீழ்வாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், அவள் மேல்வாய் ஓரத்தில். இரண்டு பேர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தது நான் மட்டும்தான். இருவரும் தத்தம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமி" என்று அவன் குழாய்க்குள் சொன்னான். "நீங்க என்னத் தொடல. கம்பத்தான் தொட்டேன். கை நடுங்கறது குளிருல."

மறுபக்கம் நபுகாலு இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

"எனக்கும் குளிருதான்" என்று குழாய் வழியாக வந்தது.

"நந்துமே மூணு மாசமா வரலன்னு கோவமா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"கோவமில்ல. பொண்ண வீட்டுல அடைச்சு வெச்சிருக்கற ஆளுன்னு நெனைச்சேன். அவ்ளோதான்."

"ஏழாவது மாசம் மாமி."

நபுகாலு வாயில் கையை வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் இந்தச் செய்தியை அடுத்தவர் வாயில் அனுப்ப மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்று. மாப்பிள்ளை நேரில் சொல்ல முடியாது, மாமியார் அவன் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

"கால் வீங்கியிருக்கு. நடக்கவே கூடாதுன்னு நர்ஸு சொல்லிட்டாங்க. மேஸ்திரிகிட்ட சொல்லியனுப்பற விஷயமா இது? இந்த ரோடு போயிருந்தா அவள எப்படி ப்வாசே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது? அதான் உள்ள போனேன்."

"இனிமே போகாதே" என்றாள். பிறகு, "உப்பக் கொறைக்கச் சொல்லு. எந்தப் பக்கமா படுக்கறா?"

"எனக்கு... கவனிக்கல மாமி."

"இடது பக்கமாப் படுக்கச் சொல்லு. கால கொஞ்சம் ஒசத்தி வெக்கணும்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ரோட்டுக்கு இனி ஒன்றும் ஆகாது, அவனை விட்டிருக்கலாம். நான் எழுந்து சிவப்புக் கொடியை இன்னொரு தடவை காட்டினேன். அவன் என்னைத் திட்டியது கேட்டது. திட்டட்டும், எனக்கு அது பழக்கம்தான்.

வியாழக்கிழமை நல்ல மழை. ரோடு நின்றது. வெள்ளிக்கிழமை ஒலும் மோட்டார் சைக்கிளில் வந்து, குப்புறப் படுத்துக் குழாய்க்குள் பார்த்தார். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வடக்கத்திக்காரர். ரொம்ப நேரம் சிரித்தார்.

"எங்க ஊருலயும் மாமியாரக் கண்டா புதருக்குள்ளதான் போவோம். கல்ல எந்தப் புண்ணியவான் இங்க நட்டது?"

"நான்தான்."

"அறுபது அடி தள்ளி நடு. குழாய் முழுசும் ஒரே ஆளுக்குப் போகட்டும்."

திங்கட்கிழமை காலை கடப்பாரையும் திமிசுக்கட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கல்லைச் சுற்றி ஒரு சாண் தோண்டியபின்தான் மேல்வாயில் நபுகாலு குந்தியிருப்பதைக் கவனித்தேன். அவள் இருக்க வேண்டிய நேரம்தான். ஆனால் கீழ்வாய்ப் பக்கம் தள்ளுவண்டியும் நின்றது, அது வர வேண்டிய நேரம் இல்லை.

"என்ன மேஸ்திரி பண்றீங்க?" என்றாள்.

"கல்ல நகத்தச் சொல்லிட்டாங்க. இனிமே குழாய் முழுக்க அவனுக்கு. நீ இந்தப் பக்கமே வர வேணாம், உனக்கும் தொல்லை இல்ல."

அவள் கையிலிருந்த கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்து செக்கியேவாவின் குரல் வந்தது.

"கல்லு இருக்கட்டும் மேஸ்திரி."

"சூப்பர்வைசர் கேட்டா?"

"குழாயப் பாக்கச் சொல்லுங்க. ஒரு எல கெடந்தா ரெண்டு பேரையும் அனுப்பிரட்டும்" என்றாள் நபுகாலு.

நான் கீழே இறங்கி இரண்டு வாயையும் என் கண்ணால் பார்த்தேன். ஓர் இலை இல்லை. மேலே ஏறி, தோண்டிய மண்ணைக் கல்லைச் சுற்றித் திரும்பத் தள்ளி, திமிசுக்கட்டையால் இடித்தேன். நான் இடிப்பதை நிறுத்தும் வரை பொறுத்திருந்து, நபுகாலு குழாய்க்குள் குனிந்து கேட்டாள், நேற்று ராத்திரி நந்துமே தூங்கினாளா என்று.