படியில் உருண்ட பிளம் பழங்கள்

அப்போலேனாவுக்கு இரண்டே முக்கால் வயது. செக் நாட்டின் புர்னோ நகரத்தில் டிராம் ஓட்டும் ராதிமுக்கும் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஷார்க்காவுக்கும் ஒரே மகள். கேட்டதை உடனே தந்தாக வேண்டும். "நன்றி சொல்லு" என்றால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள். ஷார்க்கா ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தாள், கதை கிடையாது என்று மிரட்டியும் பார்த்தாள். அப்போலேனா ஸ்டிக்கரையெல்லாம் நாற்காலிக்கு அடியில் ஒட்டினாள்; கதையைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ராதிம் இந்த வம்புக்கெல்லாம் போவதில்லை. விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய், மதியம் களைத்துத் திரும்புகிறவனுக்கு வீட்டில் சண்டை வேண்டாம். மகள் எதையாவது கொட்டினால் துடைப்பான். யாரையாவது அடித்தால் அவனே மன்னிப்புக் கேட்டுவிடுவான்.

"நீதான் அவளைக் கெடுக்கற," என்பாள் ஷார்க்கா.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும். பூங்காவிலிருந்து அப்பாவும் மகளும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்கள். எதிர்வீட்டு பெஷ்கோவா அம்மாள், தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர், பழப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"நகரு!" என்றாள் அப்போலேனா.

"கொஞ்சம் வழி விடுங்கன்னு கேளு, நகர்றேன்."

அப்போலேனா பையை ஓங்கி ஓர் உதை விட்டாள். பிளம் பழங்கள் தடதடவென்று இரண்டாம் மாடிவரை உருண்டன.

"ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா!" என்று ராதிம் பாய்ந்து பொறுக்க ஆரம்பித்தான். நான்காவது பழத்தை எடுத்தபோது நிமிர்ந்து பார்த்தான். மகள் இடுப்பில் கைவைத்து, வேலைக்காரன் ஒழுங்காகச் செய்கிறானா என்று பார்ப்பதுபோல நின்றிருந்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. பழங்களை மெல்லத் திரும்பப் படியில் வைத்தான்.

"பாப்பா, நீ தள்ளினது. நீதான் எடுக்கணும்."

"மாட்டேன்."

"சரி. நீ எடுக்கற வரைக்கும் நாம இங்கதான்." படியில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் கத்தினாள். படுத்து உருண்டாள். மேல்மாடிக்காரர்கள் பழங்களைத் தாண்டித் தாண்டி ஏறிப் போனார்கள். ராதிமுக்குக் காது சிவந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நானே பொறுக்கிக்கறேனே, தம்பி," என்றார் பெஷ்கோவா அம்மாள்.

"தயவுசெஞ்சு வேண்டாம்மா. இன்னிக்கு விட்டா அப்புறம் என்னால முடியாது."

அவர் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சுவிட்டு, கோட்டோடு மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். "நல்லா மாட்டிக்கிட்டோம்."

கால் மணி நேரம் கழித்து அப்போலேனா திடீரென்று அமைதியானாள். "அப்பா, மூச்சா."

இதற்கு என்ன செய்வது! தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். வேலை முடிந்ததும் அவள் தன் பொம்மைகளிடம் போய்விட்டாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தான் ராதிம். தானே பொறுக்கிவிடலாம் என்று தனியாக வெளியே வந்து குனிந்தான். பெஷ்கோவா அம்மாள் இன்னும் மேல்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பின்னால் சின்னக் காலடிச் சத்தம். ஒரு காலில் மட்டும் காலுறையோடு அவள் வந்தாள். ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"பழத்துக்கு வலிச்சுதா?" என்று பெஷ்கோவா அம்மாளிடம் கேட்டாள்.

அவர் யோசித்தார். "கொஞ்சம். எனக்கும் கொஞ்சம்."

அப்போலேனா பழத்தின்மேல் ஃபூ, ஃபூ என்று ஊதினாள். பிறகு கன்னம் உப்ப அந்த அம்மாளின் முழங்காலிலும் ஊதினாள். பழத்தை அவர் மடியில் வைத்தாள்.

"நன்றி," என்றார் அவர்.

அவள் இறங்கினாள், இன்னொன்றை எடுத்தாள், ஏறினாள். தடவைக்கு ஒன்றுதான். ராதிம் உதவிக்குக் கை நீட்டியபோது, "நானு!" என்று தள்ளிவிட்டாள். ஒவ்வொரு பழத்துக்கும் பெஷ்கோவா அம்மாள் சலிக்காமல் நன்றி சொன்னார்.

ஆறு மணிக்கு ஷார்க்கா படியேறி வந்தபோது மகளின் முகமெல்லாம் தூசு. கணவன் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன நடக்குது இங்க?"

"பையை உதைச்சுட்டா. இப்ப அவளே பொறுக்கித் தர்றா."

"மன்னிப்புக் கேட்டாளா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கற?"

"கத்தாத," என்றான் ராதிம். "இன்னும் ஆறு பழம் பாக்கி இருக்கு."

ஷார்க்கா கைப்பையை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.