லாவண்டர் கன்று

ஏழு வருடத்துக்கு முன்பு எலெக்ட்ரானிக் சிட்டியில், நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையில் எனக்கு வேலை. யாராவது கேட்டால் ‘பெட் ஸ்டைலிஸ்ட்’ என்பேன். அப்பா மட்டும் சர்ச்சில் யார் விசாரித்தாலும், “நம்ம ஜாய்சன் ஒரு கம்பெனியில இருக்கான்” என்று பேச்சை முடித்துவிடுவார்.

குடியிருந்தது ஹெப்பகோடியில், எல்லம்மாக்காவின் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில். அங்கே எனக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை. கெம்பி என்கிற செவலைப் பசு கத்தினால் தெருவே எழுந்துவிடும். இப்போது நாங்கள் இருக்கும் ஆறாவது மாடியில் புறாகூட அசோசியேஷனிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் முனகுகிறது.

அந்த வருடம் பால் சங்கத்தில் கன்றுப் போட்டி வைத்தார்கள். அதற்கு முன் அக்கா வளர்த்த கன்றுகளெல்லாம் கணவர் சின்னப்பாவின் பெயரில்தான் மேடையேறின. அவர் லாரியோடு எங்கோ இருப்பார். வெயிலில் கயிற்றைப் பிடித்து நிற்பது அக்கா. மைக்கில் கேட்பது ‘சின்னப்பாவின் கன்று’. அவர் காலமான பிறகு சங்க அட்டை அக்காவின் பெயருக்கு மாறியிருந்தது. கெம்பியின் ஒன்றரை மாதக் கன்று ராணியை இந்த முறை தன் பெயரிலேயே பதிந்திருந்தார்.

“பரிசு கெடக்குது தம்பி. மைக்குல ஒருவாட்டி எம்பேரு கேக்கணும்.”

“பரிசு வாங்கறவங்க பேரத்தானேக்கா மைக்குல சொல்லுவாங்க?”

“அதான் பாக்கறேன்.”

“ராணியை எங்கிட்ட விட்டுருங்க” என்றேன். என் வாழ்க்கையின் பெரிய விபத்துகளெல்லாம் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

எங்கள் கடையின் ரிசப்ஷனில் இருந்த லவினாவையும் துணைக்கு அழைத்தேன்.

“நீ கன்னுக்குட்டியைக் கிட்டத்துல பாத்திருக்கியா?” என்றாள்.

“லாப்ரடார் மாதிரிதான்.”

“ஆமா, உனக்கு எல்லாமே லாப்ரடார்தான்.”

போட்டி பத்து மணிக்கு. ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். காதில் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்தேன். தொடையில் காய்ந்திருந்த சாணியை நாரால் தேய்த்தேன். பிறகு கடையின் உயர்ந்த ரக லாவண்டர் ஷாம்பு, அதன் மேல் அதே வாசனையில் கண்டிஷனர். ட்ரையர் சத்தத்துக்கு ராணி துள்ளியதில் நானும் குளித்தேன். வால் நுனியைச் சீவி, பவுடர் ஒற்றும் பஞ்சு மாதிரி உப்பலாக்கினேன். அக்கா புல்லுக்கட்டோடு வந்து பார்த்து, “அய்ய, கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்குதே” என்றார். நான் தன்னடக்கத்தோடு நிற்க முயன்றேன், முடியவில்லை.

பால் கறக்கும் முன் கன்றை ஊட்ட விடுவது வழக்கம். ராணியை அவிழ்த்துவிட்டார். கெம்பி முகர்ந்தது. மூக்கைச் சுளித்துப் பின்வாங்கியது. ராணி மடிக்குப் போனதும் உதைத்தது. மறுபடி போனது, மறுபடி உதை. அக்கா காம்பை இழுத்துப் பார்த்தார். நாலு சொட்டோடு நின்றுவிட்டது.

“பாலை அடக்கிட்டா. இன்னாத்தப்பா தடவின?”

“லாவண்டர்க்கா. நல்ல பிராண்டு.”

“வாசம் வெச்சுதான் அவளுக்குப் புள்ளையத் தெரியும். வேற யாரோ வந்துட்டாங்கன்னு நெனைக்கிறா.”

மணி எட்டரை. “போட்டி முடிஞ்சு வந்து பாத்துக்கலாமேக்கா” என்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கெம்பியின் பின்னால் நின்று அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்த ராணியைப் பார்த்தார்.

“பேரு கெடக்குது, போ” என்றவர், ராணி படுக்கும் கோணியை எடுத்து வந்தார். சாணியும் மூத்திரமும் ஊறியது. “ஸ்வல்ப புடிச்சிக்கோ” என்று, என் இரண்டு மணி நேர உழைப்பின் மேல் அதைத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு முன்னால் லவினா கை வைத்தாள், சுடிதார் கையைக்கூட மடிக்காமல். அந்த நிமிடமே அவளைக் கேட்டிருக்கலாம். தைரியம் வர எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

கறந்த நாலு சொட்டையும் ராணியின் முதுகில் பூசினார் அக்கா. கெம்பி முகர்ந்தது. கொஞ்சம் யோசித்தது. அப்புறம் அடித்தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பி நக்கத் தொடங்கியது. ராணி மடியை முட்டிய முட்டில் பால் நுரைத்து வாயோரம் வழிந்தது. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பக் குளிப்பாட்ட அவர் விடவில்லை. அப்படியே கூட்டிப்போனோம். மற்ற கன்றுகள் எண்ணெய் மினுமினுப்பில், கழுத்தில் செவ்வந்தி மாலையோடு நின்றன. கெம்பி நக்கிய இடமெல்லாம் ராணியின் முடி முள்ளாய் நட்டுக்கொண்டு நின்றது. நடுவராக வந்த டாக்டர் இரண்டடி தள்ளி நின்றே ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். பரிசுகள் வேறு மூன்று பெயர்களுக்குப் போயின.

அப்புறம் மைக்கில் கன்னடத்தில் ஒரு அறிவிப்பு. “ஹெப்பகோடி எல்லம்மா எங்கிருந்தாலும் கேட்கவும். சாப்பாடு பரிமாறப் போகிறோம். உங்கள் கன்றைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் கட்டவும்.”

கூட்டம் சிரித்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சாரிக்கா. வாங்க, போயிரலாம்” என்று கயிற்றைத் தொட்டேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

“இருப்பா. இன்னொருவாட்டி சொல்லட்டும்.”

சொன்னார்கள். மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்.