நாலு உருண்டைக் களி

காலையில் நிர்மலா கட்டி வைத்த ராகி மாவுப் பொட்டலங்களில் ஒன்றின் முடிச்சை நாராயணம்மா மறுபடியும் அவிழ்த்தாள். மருமகள் நூலை இறுக்கியிருந்த இறுக்கத்துக்கு நகம் போதவில்லை, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஒரு கை மாவை அள்ளிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல்களை அகட்டி உதிரவிட்டாள். பிறகு முகர்ந்து பார்த்தாள்.

"இப்ப ஒண்ணும் இல்ல," என்றாள். "போன தடவ கெளம்பறப்பவும் ஒண்ணும் இல்லாமதான் இருந்துச்சு."

நிர்மலா பொட்டலத்தை வாங்கி, வாயைத் திருகி, அதே நூலால் மறுபடி கட்டினாள். பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் பிரேம்குமார் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாரத்தில் அது எத்தனை முறை கட்டப்பட்டது என்பது அவனுக்குத் தெரியும். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து மூடினான். தண்ணீர் குடிக்கவில்லை. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

செவ்வாய்க்கிழமை விமானம். வியட்நாமில், கடலோரமாக இருக்கும் ஹாய்பாங் நகரத்தில் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு. அங்கே பிரஸ் மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஓசூரிலிருந்து ஆள் அனுப்புகிறார்கள். போன ஐப்பசியில் ஆறு மாதத்துக்கென்று போனவன் பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தான். இந்த முறை ஒரு வருடம். இதிலும் திரும்பி வந்தால் இனி அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

திரும்பி வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா இப்படி எளச்சுப் போயிட்ட?"

"சாப்பாடு ஒத்துக்கலம்மா," என்றான்.

அது போதுமானதாக இருந்தது. கம்பெனியிலும் அதையே சொன்னான், அங்கும் போதுமானதாக இருந்தது. களி தின்று வளர்ந்தவனுக்கு வேற்று ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்குமேல் துருவிக் கேட்பவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் அம்மா இன்னொன்று கேட்டாள்.

"மாவு குடுத்து உட்டோமே, அது என்னாச்சு?"

அவன் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"வண்டு வச்சிருச்சு."

மாவில் வண்டு வைத்தால் கட்டியவள் சரியாகக் காயவைக்கவில்லை என்று பொருள். அரைத்த சூட்டோடு கட்டினாள் என்று பொருள். நிர்மலா சேலத்துப் பக்கம் சோறு தின்கிற வீட்டில் பிறந்தவள், களியின் அருமை அவளுக்கு எங்கே தெரியும் என்ற பேச்சு ஜவளகிரி வரைக்கும் போனது. உறவில் ஒரு வளைகாப்புக்குப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருத்தி, "வண்டு மாவு நீதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம். நிர்மலாவும் சிரித்துவிட்டு வந்தாளாம். அதைச் சொன்னது நிர்மலா இல்லை, ஆறு வயது மகள் மேகலா.

இந்த முறை ராகியைக் கழுவி மூன்று நாள் மொட்டை மாடியில் காயவைத்தாள் நிர்மலா. மில்லில் அரைத்து வந்த மாவை வேட்டியில் பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிட்டாள். சலித்தாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் சலித்தாள். பிரேம்குமார் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் சல்லடைச் சத்தம் படியிலேயே கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சத்தம் ஓயும்வரை வெளியிலேயே நிற்பான். உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். ஒவ்வொரு நாளும் சல்லடை நின்றது, அவன் உள்ளே போனான், காபி வந்தது.

பெட்டியில் இப்போது ஏழு பொட்டலமாக ஏழு கிலோ ராகி மாவு, அம்மா இடித்த கொள்ளுப்பொடி இரண்டு டப்பா, காய்ந்த அவரைக்கொட்டை, புளி, மிளகாய்த்தூள், கடலை எண்ணெய், எதற்கும் இருக்கட்டுமென்று மூன்று கிலோ பொன்னி அரிசி. இவற்றுக்கு நடுவே எங்கேயோ அவன் சட்டைகள் இருந்தன.

"இருவத்தி மூணு கிலோக்கு மேல உட மாட்டாங்க," என்றான்.

"பழைய பேப்பர் கடையில எட போட்டுப் பாத்துட்டு வாங்க," என்றாள் அம்மா. "இதெல்லாம் என்னா கனம் கனக்கும்?"

ஸ்கூட்டரின் முன்பக்கம் பெட்டியை நிறுத்தி, பின்னால் நிர்மலாவை உட்காரவைத்துக்கொண்டு போனான். பழைய பேப்பர்க்கார வெங்கடப்பன் கடையில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லை. அவர் அட்டைகளைத் தள்ளிவிட்டு எலெக்ட்ரானிக் தராசில் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

"முப்பத்தொண்ணு அறுநூறு," என்றார். "ஏன் சார், பழைய இரும்பா? எனக்கே போட்டுட்டுப் போங்களேன்."

"சாப்பாட்டுச் சாமான்."

"எங்க, துபாயா?"

"வியட்நாம்."

"அந்த ஊர்ல ஒண்ணும் கெடைக்காதா?"

பிரேம்குமார் தராசின் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டரைக் கிலோவை எதிலிருந்து எடுப்பது என்றுதான் மனசு கணக்குப் போட்டது. வாய் தன்பாட்டில் பேசியது.

"எல்லாம் கெடைக்கும். ரூமுக்குக் கீழயே சந்த. அரிசி, முட்ட, வேர்க்கடல, பூசணிக்கா. வாழப்பூ கூட வரும். நம்ம ஊருக் கணக்கா பிளாட்பாரத்துல பொம்பளைங்க கூறு கட்டி வச்சிருப்பாங்க. கீர வாங்குனா ரெண்டு பச்சமொளகா சேத்துப் போடும் அந்தம்மா."

"அப்புறம் ஏன் சார் இத்தினி சுமை?" என்று வெங்கடப்பன் சிரித்தார்.

பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சந்தையைப் பற்றி வீட்டில் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புதிதாகப் போகிறவர்களுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கம்பெனி தந்த நாலு பக்கக் காகிதத்தை அவள் எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்து வரிவரியாகக் கேட்டிருந்தாள். 'கிடைக்கும்' என்று அதில் இருந்ததை அவள் நம்பவில்லை. போய்வந்தவன் வேறு சொன்னானே.

வண்டி ராமநாயக்கன் ஏரிக்கரைக்கு வந்தது. அங்கே நிர்மலா அவன் தோளைத் தட்டினாள். நிறுத்தினான். அவள் இறங்கி நின்றாள்.

"கீரை வாங்கிச் சமச்சீங்களா?"

"ம்."

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தது. கரையோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான்.

"ரூம் பதினாலாவது மாடில," என்றான் கடைசியில். "கம்பெனில எல்லாரும் நல்லவங்கதான். சிரிப்பாங்க, தோள்ல தட்டுவாங்க. வேல முடிஞ்சா அவங்கவங்க வீட்டுக்குப் பூடுவாங்க. ஞாயித்துக்கெழம ஒரு நாள் முழுக்க நான் வாயத் தொறக்கல நிர்மலா. உனக்குப் போன் பண்ணலாம்னு எடுப்பேன். கொரல் காட்டிக் குடுத்துரும்னு வச்சிருவேன்."

"சளி புடிச்சிருக்குன்னு மெசேஜ் போட்டீங்க."

"ஆமா. ரெண்டாவது ஞாயித்துக்கெழம களி கிண்டலாம்னு ஒல வச்சேன். ஊட்டு ஞாபகத்துல தண்ணி ஊத்திட்டேன். மாவும் அப்படியே கை போன கணக்குக்குப் போட்டேன். உருட்டிப் பாத்தா நாலு உருண்ட."

அவள் கண்கள் அசையவில்லை.

"அம்மாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, மேகலாவுக்குச் சின்னதா. சின்னதாவே உருட்டியிருக்கேன், பாரேன். தட்டுல வச்சிட்டு, 'வாங்க'ன்னு சொன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன். அந்தச் சத்தத்தக் கேட்டு நானே பயந்துட்டேன். அன்னிக்கு ராத்திரியே மேனேஜருக்கு எழுதிப் போட்டேன்."

நிர்மலா கேட்டாள்: "நாலையும் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணு தின்னேன். மூணக் குப்பைல போட்டேன்."

"மாவு?"

"அங்கயே அலமாரில வச்சிட்டு வந்தேன்."

"வண்டு?"

"வண்டு இல்ல."

அவள் ஏரியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தான். அழவில்லை. புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தாள். நூலைக் கட்டுகிற அதே விரல்கள்.

"பத்து மாசம்," என்றாள். "நான் எங்க தப்பு பண்ணேன்னு பத்து மாசமா யோசிச்சிட்டிருக்கேன். மில்லுக்காரன் கிட்டப் போய்ச் சண்ட போட்டேன். தெரியுமா? அந்தாளு பாவம்."

"நிர்மலா..."

"எங்கிட்ட சொன்னது பத்தாது. வந்து உங்கம்மா கிட்ட சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறப்ப சொல்லுங்க."

திரும்பும் வழியில் அவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டியைத் தெருமுனையில் மெதுவாக்கினான். இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாமா என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போய்விட்டால் இதைச் சொல்லவே வேண்டியதில்லை என்றும் இருந்தது. அப்போது பின்னால் அந்தக் கம்பி கிறீச்சிட்டது. வீட்டு வாசலில் நிறுத்தினான்.

நாராயணம்மா அவரைக்கொட்டையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ இருக்குது?"

"எட்டரக் கிலோ அதிகம்மா."

"அரிசிய எடு. மாவுல கை வெக்காத."

"அம்மா." நின்றபடியே சொன்னான், உட்கார்ந்தால் வராது என்று தெரிந்தது. "போன தடவ மாவுல வண்டு வக்கல. நான் பொய் சொன்னேன். மாவு நல்லா இருந்துச்சு. சாப்பாடும் ஒத்துக்கிச்சு. தனியா இருக்க முடியாமதான் வந்துட்டேன்."

முறம் நின்றது. அடுப்பறை வாசலில் நிர்மலா நின்றிருந்தாள்.

"தனியான்னா?"

"தனியாம்மா. பேச ஆளில்லாம. ஒருநாள் தட்டு முன்னாடி உக்காந்து அழுதுட்டேன்."

நாராயணம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பசியா இருந்திருக்கும்டா."

"பசி இல்லம்மா."

"உனக்கு என்னா தெரியும். சின்னதுலயும் நீ பசிச்சா எதுக்குன்னு தெரியாமதான் அழுவ." முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு நிறுத்தினாள். "வண்டு வக்கலயா?"

"வக்கல."

"அப்ப நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சது?"

வெளியே எங்கேயோ காய்கறி வண்டிக்காரன் மைக்கில் கன்னடத்திலும் தமிழிலும் தக்காளி விலையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தெருவைத் தாண்டி மறைந்தது.

நாராயணம்மா முழங்காலைப் பிடித்து எழுந்து பெட்டியிடம் வந்தாள். அரிசியை வெளியே எடுத்தாள். தான் இடித்த கொள்ளுப்பொடியில் ஒரு டப்பாவை எடுத்து, "இது எனக்கே வேணும்," என்றாள். ஒரு மாவுப் பொட்டலம் கையில் வந்தது. கட்டைவிரல் முடிச்சின்மேல் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவிழ்க்காமல் அதைப் பெட்டியின் ஓரத்தில் வைத்து, அதன்மேல் அவன் சட்டை ஒன்றைப் போட்டு மூடினாள். மருமகளின் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் முறத்திடம் போய் உட்கார்ந்தாள்.

"ஏழு கிலோ வேணாம்," என்றாள் நிர்மலா. பெட்டியிலிருந்து மூன்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்பறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே போனான்.

அவள் சின்னப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு டம்ளர். யோசித்தாள். பாதியைத் திருப்பி எடுத்தாள்.

"என்ன பண்ற?"

"ஒருத்தருக்கு எவ்ளோ தண்ணி, எவ்ளோ மாவுன்னு பாக்கறேன். எனக்கே தெரியாது. நான் ஒருத்தருக்குக் கிண்டுனதில்ல." அவன் பக்கம் திரும்பவில்லை. "போன எடுத்து எழுதிக்கங்க. உங்க மேல கோவம் போவல எனக்கு. எழுதுங்க."

தண்ணீர் கொதித்தது. மாவைப் போட்டு, கரண்டிக் காம்பால் கிண்டினாள். களி கிண்டும் மரக்கட்டை அந்தப் பாத்திரத்துக்குள் நுழையாது. மாவு ஒரு பக்கம் கட்டிதட்டி மறுபக்கம் தண்ணீராக ஓடியது. பாத்திரம் அவள் கிண்டும் திசைக்கெல்லாம் சுழன்றது. அவன் துணியை எடுத்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க யாரு புடிச்சுக்குவாங்க? உடுங்க," என்றாள்.

விட்டான். பாத்திரம் மறுபடியும் சுழன்றது. நிர்மலா அடுப்பை அணைத்து, உள்ளே இருந்ததைத் தட்டில் கொட்டி, விரலால் அழுத்திப் பார்த்தாள். வேகவில்லை. பாத்திரத்தைக் கழுவி, இந்த முறை முக்கால் டம்ளர் ஊற்றினாள்.

"முன்ன எழுதுனத அழிங்க," என்றாள்.