கூட்டிச் சொன்ன வயது

தேயிலைத் தோட்டத்தில் வயதைக் கூட்டிச் சொல்வது பொய்யில் சேராது. காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் பதியவேண்டுமென்றால் பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பதினாறு என்பார்கள்; கணக்கப்பிள்ளையும் தலையாட்டுவார். வீரய்யா அந்தப் பழக்கத்தில்தான் கன்றே போடாத தன் கிடாரியைப் பசு என்றான்.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? மனைவி ரெங்கம்மாவுக்குத் தாய்ப்பால் சுரக்காது. தலைப்பிள்ளை கஞ்சித் தண்ணீரைக் குடித்தே இந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது மறுபடி நாள் தள்ளியிருந்தது. பாண் ரொட்டிக்கே வரிசையில் நிற்கிற எழுபத்து நாலாம் வருஷத்தில் பால்மாவுக்கு எங்கே போவது? கீழ் லயத்து வரிசை வீட்டு வேலாயியின் மாடு சீமைக் காளை வித்தில் பிறந்தது. ஒரு வேளைக்கு ஐந்து போத்தல் கறந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் சினை ஊசி போட வந்த இத்ரூஸ், மாட்டின் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"சின்ன மாடா இருக்கே. முன்ன கன்னு போட்டிருக்கா? தலக்கன்னுன்னா இந்தச் சீமை வித்து வேணாம். கன்னு பெருசா வளந்து வெளிய வராது."

"ரெண்டு போட்டுருச்சுங்க ஐயா," என்றான் வீரய்யா, கண்ணிமைக்காமல்.

இத்ரூஸுக்கு இன்னும் பல தோட்டங்கள் பாக்கி. குனிந்து மடியைப் பார்க்க அவருக்கும் பொறுமையில்லை.

மாட்டின் வயிறு பெருத்தது. லயமே வந்து தடவி மெச்சியது. ரெங்கம்மா பெண் குழந்தை பெற்றாள். பயந்தபடியே மார்பில் ஒரு சொட்டில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கடி, மாடு ஈனட்டும்," என்று பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் புகட்டினாள்.

மாட்டுக்கு வலி கண்டது காலைப் பெரட்டு நேரத்தில். உச்சி வெயில்வரை குளம்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. இத்ரூஸைத் தேடி ஆள் போனால், அவர் பசறைப் பக்கம் போயிருந்தார். கடைசியில் நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். கன்று உயிரோடு வந்தது. தாய் எழுந்திருக்கவேயில்லை, ரத்தம் நிற்காமல் கழுத்தை நீட்டிவிட்டது.

கறுப்பும் வெள்ளையுமாக என்ன அழகான கிடாரிக்கன்று! மூன்று வருஷத்தில் இது வாளி வாளியாகக் கறக்கும் என்றான் ஒருவன். வீரய்யாவுக்கு அவன் வாயிலேயே போடவேண்டும் போலிருந்தது.

எல்லோரும் போனபின் அவன் செத்த மாட்டின் பக்கத்தில் குந்தி, சூடாறாத மடியைப் பீச்சினான். அரைக் கோப்பை சீம்பால் வந்தது. கன்று தள்ளாடி எழுந்து அவன் விலாவில் முட்டிப் பால் தேடியது. ரெங்கம்மா பிள்ளையோடு வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். கன்றின் பக்கம் திரும்பவேயில்லை.

"நாளைக்கு?" என்றாள்.

வீரய்யா மடியை இன்னொரு தடவை பீச்சிப் பார்த்தான்.