தலையணைக்கு ஒரு முகப்புப் படம்

அக்கா தைத்த தலையணைகள் பின்னறையில் மேகக் கூட்டமாகக் குவிந்து கிடந்தன. இணையக் கடையில் போட்டும் ஒன்றுகூட நகரவில்லை. "இந்த மாசமும் போகலைன்னா ரூமைக் காலி பண்ணுங்க, வாடகைக்கு விட்டுடறேன்" என்று அக்கா புருஷன், அத்தான், கறாராகச் சொல்லிவிட்டார். அறை போனால் தையல் மெஷினுக்கு இடமில்லை. அக்காவின் வேலைக்கும் இடமில்லை. படம் பிடிப்பது தங்கையின் பொறுப்பு.

கடையில் முதலில் கண்ணில் படும் முகப்புப் படத்தை அவள் கனவு மாதிரிதான் எடுத்திருந்தாள். ஆடும் திரைச்சீலை, நீலப் பூச்சாடி, நடுவே தலையணை. வந்த கேள்விகளோ வேறு. "ஜாடி என்ன விலை?" "ஜாடி உடையாம வந்து சேருமா?"

"பொண்ணு பார்க்க வந்தவங்க தோழியைக் கேட்ட மாதிரி இருக்குடி" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

தங்கை போனில் பார்த்தாள். கடைப் பக்கத்தில் படம் கட்டைவிரல் நகம் அளவுதான். அதில் ஜாடி மட்டும் பளிச்சென்றிருந்தது.

எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, வெள்ளை விரிப்பில் தலையணையை மட்டும் வைத்து, படம் முழுக்க அதுவே நிறையும்படி எடுத்தாள்.

"சிமெண்ட் மூட்டை மாதிரி இருக்கு."

"மெத்துமெத்துன்னு இருக்கறதை எப்படிக்கா காட்டறது?"

அக்கா உள்ளே போய்விட்டாள். தங்கை யோசித்தபடியே தலையணையில் தலை வைத்தாள். கண் சொருகியது. அறை மெல்ல மிதந்தது. தலையணைகள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே வெளியேறி, தெருவுக்கு மேலே, தூக்கம் வராமல் யாரோ புரண்டுகொண்டிருக்கும் வீடுகளைத் தேடிப் போயின.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பஞ்சில் அவள் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது; அதில் நிழல் தேங்கியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுத்தாள்.

"ஐயோ, யாரோ படுத்து எழுந்ததை எவன் வாங்குவான்? தட்டி உப்பலா எடுடி!" அக்கா பதறினாள்.

"உப்பலா எடுத்துத்தானே மூட்டையாச்சு?"

அந்த நேரம் பார்த்து அத்தான் அளவுநாடாவோடு வந்தார், குடிவருகிறவரின் கட்டில் உள்ளே நுழையுமா என்று பார்க்க. "எங்கே, பெரிய படக்காரி, காட்டு" என்று போனை வாங்கிப் படத்தைப் பார்த்தவர், வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டார். விட்டுவிட்டு அசடு வழிந்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்கி, அந்தப் படத்தைத் தானே முகப்பில் போட்டாள்.

மறுநாள் கடைப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. "பார்த்ததும் படுக்கணும்னு தோணுச்சு. வீட்டுல எல்லாருக்கும் வேணும்." அதற்குக் கீழே இன்னொன்று. அக்கா தலையணைகளைப் பார்சல் உறையில் போட ஆரம்பித்தாள். தங்கை உறைகளின் வாயை ஒட்டிக் கொடுத்தாள்.

அத்தான் கூடத்தில் போனில் யாரிடமோ இழுத்துக்கொண்டிருந்தார்: "ரூமா? அது வந்து... இப்போதைக்குக் காலி இல்லைங்க."